தேடுகிறவனின் சொல்

கதை எழுதுகிறவர்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு தனி ரகம் உண்டு. பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. "ஐயா, பல வருஷங்களுக்கு முன்பு தாங்கள் ஒரு கதை எழுதினீர்கள். ஒரு கிழவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போவார். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்பார்கள். கதையின் தலைப்பு அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. கிழவரின் பெயரும் இருக்காது. குடை மட்டும் இருக்கும்.

தலைப்பு வைப்பதற்கு நான் எத்தனை இரவுகள் கண் விழித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அடித்து அடித்து எழுதி, ஒரு நல்ல சொல் கிடைத்தவுடன் ராஜ்யமே கிடைத்தாற்போல மகிழ்ந்திருக்கிறேன். வாசகருக்கோ அந்தத் தலைப்பு வேண்டியதில்லை. குடைதான் வேண்டும். படைத்தவன் வைக்கும் பெயர் ஒன்று, தேடுகிறவன் நினைவில் வைத்திருக்கும் சொல் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். ஆனால் கதைகளைப் பற்றி அல்ல. கணினிக்குள் இருக்கும் மென்பொருள்களைப் பற்றி.

"இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

முதலில் மென்பொருள்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். எழுத்துக் கோப்புகளுக்குள் ஒரு சொல் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் கருவிக்குப் பெயர் 'கிரெப்'. பழைய தொகுப்பான் ஒன்றில் அந்த வேலைக்கு இருந்த நான்கு எழுத்துக் கட்டளையே பெயராகிவிட்டது. 'ஆக்' என்று ஒன்று. ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்று அதை உண்டாக்கிய மூவரின் முதல் எழுத்துக்கள் அவை. எழுத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்கு 'மோர்' என்று ஒரு கருவி இருந்தது, அதாவது 'இன்னும்'. அதைவிட நன்றாகச் செய்யும் கருவி ஒன்று வந்தபோது அதற்கு 'லெஸ்', அதாவது 'குறைவு' என்று பெயர் வைத்துச் சிரித்துக் கொண்டார்கள். 'கேட்' என்று ஒருத்தி இருக்கிறாள். பெண் என்று எண்ணிவிடாதீர்கள், எழுதித் திருத்துவதற்கான மென்பொருள். 'பைதான்' என்ற மொழிக்கும் பாம்புக்கும் சம்பந்தமே இல்லை; ஆங்கில ஹாஸ்யக் குழு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது அது.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல நான் யார்? என் நாவல்களின் தலைப்புக்களும் இதே ஜாதிதான். ஆனால் ஒரு வீட்டில் இருபது டப்பாக்கள் இருந்தால், எதில் துவரம்பருப்பு, எதில் கடலைப்பருப்பு என்பதை வீட்டுக்காரி மனத்திலேயே வைத்துக் கொள்வாள். இருபதினாயிரம் டப்பாக்கள் இருந்தால் என்ன செய்வாள்?

இருபதினாயிரம் என்பதும் குறைவு. 'டெபியன்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. இயன் மர்டாக் என்ற இளைஞர் 1993-ல் தொடங்கியது. தம் பெயரையும் தம் காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களை எல்லாம் பொதி பொதியாகக் கட்டி அதில் அடுக்குகிறார்கள். 2023 ஜூனில் வெளிவந்த அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழிக்காரர்களின் கிடங்கான என்.பி.எம்-மில் 20 லட்சத்துக்கும் மேல். இதில் நமக்கு வேண்டியதைப் பெயரைக் கொண்டு தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் "சுப்பிரமணியா!" என்று கூப்பிடுவதைப் போலத்தான்.

ஆகவே ஒவ்வொரு பொதியின் மேலும் சில சொற்களை எழுதி ஒட்டுகிறார்கள். இவற்றைத் தமிழில் குறிச்சொல் என்கிறார்கள். திறவுச்சொல் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. கடவுச்சொல் என்பது மற்றவர்களை வெளியே நிறுத்துவதற்காக நாம் ரகசியமாக வைத்துக்கொள்வது. திறவுச்சொல் என்பது முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வருவதற்காக நாம் வாசலில் எழுதி வைப்பது. ஒன்று பூட்டு, மற்றது திண்ணை.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன்.

2001-ஆம் ஆண்டில் நான் ஒரு நாவல் எழுதினேன். பத்திரிகையில் தொடராக வந்தது. இடம் போதவில்லை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் வெட்டித்தான் போட்டார்கள். முழு நாவலும் என் மனைவி கணினியில் அடித்து வைத்ததில்தான் இருந்தது. நான் காகிதத்தில் எழுதுவேன். அவள் சாப்பாட்டுக் கடை ஒழிந்த பிறகு உட்கார்ந்து அடிப்பாள். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருவர். ஒருவர் பழைய அச்சுக்கோப்பாளர், மற்றவள் அவள். காகிதப் பிரதி ஒரு மழைக்காலத்தில் பரணிலேயே கூழாகிப் போயிற்று. அவளும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மிச்சம் இருந்தது ஒரு குறுந்தகடு மட்டும்.

சென்ற வருஷம் ஒரு பதிப்பாளர், "அந்த நாவலை வெட்டாமல் முழுசாகப் போடலாம், கொடுங்கள்" என்றார். என் தங்கை மகன் குறுந்தகட்டைப் போட்டுத் திறந்தான். கோப்புகள் நன்றாக இருந்தன. உள்ளே தமிழ்தான் இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசை வரிசையாக நின்றன. என் நாவலின் கதாநாயகி ஏதோ நார்வே நாட்டு முகவரிபோல் ஆகிவிட்டிருந்தாள்.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் நேர்ந்தது அன்று. அந்த நாட்களில் கணினியில் தமிழ் எழுத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது. இணையத்தில் புழங்கிய தமிழர்கள் தங்களுக்குள் பேசி உண்டாக்கிய 'திஸ்கி' ஒன்று. 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த 'டாம்', 'டாப்' என்ற இரண்டு. இவை தவிர, வியாபாரிகள் தத்தம் எழுத்துருவுக்கு வைத்துக்கொண்டவை எத்தனையோ. 2010-ல்தான் அரசு யூனிக்கோடை ஏற்றது. அதற்கு முன்னால் அடித்த தமிழ் எல்லாம், அந்தந்த எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் கொம்பும் வாலும். எத்தனை வீடுகளில், எத்தனை கோயில் அலுவலகங்களில், எத்தனை சிறு பத்திரிகைகளின் அலமாரிகளில் இப்படிப்பட்ட கோப்புகள் ஊமையாகக் கிடக்கின்றனவோ!

பையன் தேடினான். அவனுடைய கணினியில் ஓடுவது டெபியன்தான். 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால் எழுத்துருக்கள் வந்தன. எழுத்துப்பிழை பார்க்கும் சொற்பட்டியல் வந்தது. இணைய உலாவிக்கும் அலுவலக மென்பொருளுக்குமான தமிழ் மொழிபெயர்ப்புகள் வந்தன. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றுவது ஒன்றும் வரவில்லை. 'மாற்று' என்று கொடுத்தால் படத்தை மாற்றுவது, பாட்டை மாற்றுவது, அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றுவது என்று மூச்சு முட்டும்படி வந்தது. மூன்று நாள் மாலை இப்படிக் கழிந்தது.

நான்காம் நாள் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட மாட்டார். தொடவேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்பது அவர் கட்சி. பையன் படும் அவஸ்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"மாமாவின் நாவலை வாசிக்க வேண்டும், ஐயா."

"அது உன் மாமாவுக்கு வேண்டியது. கருவிக்கு நாவல் என்றும் கவிதை என்றும் தெரியுமா? கருவி எதன்மேல் வேலை செய்யும்?"

"எழுத்தின் மேல். சரியாகச் சொன்னால், எழுத்தின் குறியீட்டின்மேல்."

"என்ன வேலை?"

"மாற்றுகிற வேலை."

"எந்த ஊர் எழுத்து? எந்தக் காலத்து எழுத்து?"

பையன் சற்று யோசித்தான். "2001-ஆம் வருஷத்துத் தமிழ் எழுத்து, ஐயா. மாமி அப்போது வைத்திருந்தது... திஸ்கியாக இருக்க வேண்டும்."

"இத்தனை நேரம் அந்தச் சொல்லை ஏன் அதனிடம் சொல்லவில்லை?" என்றார் பெரியவர்.

அவர் கேட்ட கேள்விகள் அவருடையவை அல்ல. சீர்காழியில் 1892-ல் பிறந்த ஒருவருடையவை. சீ. இரா. ரங்கநாதன் என்ற பெயரை நூலகத்துறைக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். லண்டனுக்குப் போய் அந்த வித்தையைக் கற்றார். அப்போது புழக்கத்தில் இருந்தது அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரித்து, புத்தகத்தை அதில் ஒரு கட்டத்துக்குள் வைத்துவிடுவது. நல்ல முறைதான். ஆனால் தஞ்சை ஜில்லாவில் நெற்பயிருக்கு வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு புத்தகம் வந்தால், அதை நெல் என்ற கட்டத்தில் வைப்பதா, நோய் என்ற கட்டத்தில் வைப்பதா, தஞ்சாவூர் என்ற கட்டத்திலா? ஒன்றில் வைத்தால் மற்ற இரண்டு வழியாக வருகிறவன் வெறுங்கையோடு திரும்புவான்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பெட்டியை ரங்கநாதன் பார்த்தார். சில தகடுகள், சில சக்கரங்கள், திருகாணிகள்; இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு சமயம் வண்டி, ஒரு சமயம் பாரந்தூக்கி. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. புத்தகத்தை முன்கூட்டியே செய்து வைத்த கட்டத்துக்குள் திணிப்பானேன்? அதன் அம்சங்களைத் தனித்தனியே எடுத்து, வேண்டியபடி பூட்டினால் என்ன? அம்சங்களுக்கு நடுவே திருகாணியாக அவர் வைத்தது இரட்டைப் புள்ளி, ஆங்கிலத்தில் கோலன். அந்தக் கோலன் வகைப்பாடு 1933-ல் வெளிவந்தது. எந்தப் பொருளையும் ஐந்து அம்சங்களாகப் பார்க்கலாம் என்று பிறகு அவர் வகுத்தார்: அதன் தனித்தன்மை, அது எதனால் ஆனது, அதில் நடக்கும் செயல், இடம், காலம். எங்கள் தெருப் பெரியவர் பையனைக் கேட்டது கிட்டத்தட்ட இவற்றைத்தான்.

இதில் எனக்கு வியப்பாக இருந்த செய்தி ஒன்று. டெபியன்காரர்களும் இதே பள்ளத்தில் விழுந்து, இதே ஏணியைப் பிடித்து ஏறியிருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் இருந்தது 'பிரிவு' என்ற ஏற்பாடு: விளையாட்டு, கணிதம், ஒலி, எழுத்து என்று. ஒரு பொதிக்கு ஒரு பிரிவுதான். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் விளையாட்டு வந்தால் என்ன செய்வது? பழையபடி நெல்லா, நோயா, தஞ்சாவூரா? என்ரிக்கோ ஸீனி என்ற இத்தாலியர் முன்னின்று 'டெப்டேக்ஸ்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். என்ன வேலைக்கு, எதன்மேல், எப்படி ஆளுவது, எந்த மொழியில் எழுதப்பட்டது என்று அம்சங்கள். ஒவ்வோர் அம்சத்துக்கும் அதனதன் சொற்கள். அம்சத்துக்கும் சொல்லுக்கும் நடுவே அவர்கள் வைத்த திருகாணி என்ன தெரியுமா? இரண்டு கோலன்கள்! நம் சீர்காழிக்காரரின் ஒரு கோலன் அங்கே இரட்டைப் பிள்ளையாகி உட்கார்ந்திருக்கிறது. 'பண்பாடு' என்று ஓர் அம்சமும், அதன் கீழ்த் 'தமிழ்' என்று ஒரு சொல்லும் அந்தப் பட்டியலில் உண்டு.

நிற்க. பையன் திஸ்கி என்ற சொல்லை வைத்துக்கொண்டு மறுபடி தேடினான். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் மகிழ்ச்சியைவிடத் திகைப்புத்தான் அதிகமாக இருந்தது.

"மாமா, இதை எங்கிருந்தும் இறக்க வேண்டாம். நம் கணினியிலேயே இருக்கிறது. நாம் தேடிக்கொண்டிருந்த மூன்று நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது!"

'ஐகான்வ்' என்று ஒரு சின்னக் கருவி. இந்த ரகக் கணினிகளின் அஸ்திவாரமாக இருக்கும் 'ஜீலிப்ஸி' என்ற நூலகத்தோடு சேர்ந்து வருவது. ஓர் எழுத்து முறையை வேறோர் எழுத்து முறையாக மாற்றும். அதற்குத் தெரிந்த முறைகளைச் சொல் என்று கட்டளையிட்டால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கொட்டுகிறது. அந்த ஆயிரத்தில் ஒன்றாகத் திஸ்கியும் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டிலேயே ஒருவர் உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதிச் சேர்த்திருக்கிறார். லேசான வேலை அன்று. திஸ்கியில் 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் 'க' பின்னாலும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே நிற்கும். யூனிக்கோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் நிற்பதைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இந்த நுட்பமெல்லாம் அறிந்து ஒரு மனிதர் செய்து வைத்தார். அன்று தொடங்கிக் கோடிக்கணக்கான கணினிகளில் அது இருந்து வருகிறது. ஆனால் அந்தப் பொதியின் மேல் ஒட்டிய விளக்கத்தில், எழுத்துக் குறியீடுகளை மாற்றும் என்ற அளவில்தான் இருக்கிறது. தமிழ் என்ற சொல் இல்லை. பழைய எழுத்து என்ற சொல்லும் இல்லை.

யாரையும் நொந்துகொள்ள இதில் இடம் இல்லை. ஆயிரம் முறைகளின் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுத முடியாது. கருவி செய்தவருக்கு அது 'குறியீட்டு மாற்றி'. அதுவே உண்மையான பெயர். ஆனால் அதைத் தேடி வருகிறவனுக்கு 'குறியீடு' என்ற சொல்லே தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் வீட்டுக் கோப்பில் தமிழ் இருந்தது, இப்போது இல்லை என்பதுதான். நோயாளி டாக்டரிடம் போய் நோயின் லத்தீன் பெயரையா சொல்கிறான்? "இங்கே வலிக்கிறது" என்றுதானே சொல்கிறான்?

டெபியன்காரர்களின் விதிப் புத்தகத்தில் இதைப் பற்றி நல்ல விதி ஒன்று இருக்கிறது. பொதிக்கு எழுதும் விளக்கம், அந்தப் பொருளை அதற்கு முன்பு சந்தித்தே இராத ஒருவருக்காக எழுதப்பட வேண்டும். அதைப் படித்தே அவர் இது வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல நினைத்து, சரியாகச் சொல்ல வராமல் தவித்ததை ஒரு மென்பொருள் விதியில் கண்டேன்!

சொற்களின் குணமும் இந்த வேலையைக் கடினமாக்குகிறது. ஒரு பொருளுக்குப் பல சொல் உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு. இது நம் முன்னோர் அறியாதது அன்று. நிகண்டு செய்தவர்கள் தெய்வத்தின் பெயர், மக்களின் பெயர், மரத்தின் பெயர் என்று தொகுதி தொகுதியாகச் சொற்களை அடுக்கிவிட்டு, ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே பதினொன்றாம் தொகுதியை ஒதுக்கினார்கள். 1732-ல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியில் நான்கு வாசல்கள் வைத்தார். சொல்லைத் தெரிந்துகொண்டு பொருளைத் தேடுகிறவனுக்கு ஒரு வாசல். பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிறவனுக்கு ஒரு வாசல். தொகையாக வருவனவற்றுக்கு ஒன்று. எதுகைக்காக அலையும் கவிராயருக்கு ஒன்று. அவரும் இத்தாலியர்தான். தேடுகிறவன்மேல் இத்தாலியர்களுக்கு என்ன கரிசனமோ!

மென்பொருள் உலகத்தில் நமக்கு இன்னும் ஒரு கூடுதல் தொல்லை. தமிழ் என்பதையே ஆங்கில எழுத்தில் நாம் நான்கு விதமாக எழுதுகிறோம். ஒருவர் 'எல்' போடுகிறார், ஒருவர் 'இஸட் எச்' போடுகிறார். முன்னால் ஒருவர் 'டி' மட்டும், ஒருவர் 'டி எச்'. ஒருவர் ஒட்டிய சீட்டு மற்றவர் தேடலில் அகப்படுவதில்லை. தமிழ் எழுத்திலேயே ஒட்டிவிடலாமே என்றால், எல்லாக் கிடங்கிலும் அதற்கு இடம் இல்லை. 'ரஸ்ட்' என்ற மொழிக்காரர்களின் 'கிரேட்ஸ்' கிடங்கில் ஒரு பொதிக்கு 5 திறவுச்சொற்கள்தான். ஒவ்வொன்றும் 20 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதுவும் ஆங்கில எழுத்திலேதான் இருக்க வேண்டும்.

ஐந்து என்ற கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டுப்பாடு இல்லாத கிடங்குகளில், கூட்டம் சேர்ப்பதற்காகச் சம்பந்தம் இல்லாத பிரபலமான சொற்களை எல்லாம் அள்ளி ஒட்டிவிட முடிகிறது. முறுக்குக் கடைக்காரன் 'ஜவுளி, நகை, பாத்திரம்' என்றும் பலகையில் எழுதி வைத்தாற்போல! வருகிறவனுக்குப் பொழுதும் போகிறது, முறுக்கின்மேலும் வெறுப்பு வருகிறது. வாசகனின் நேரத்தைக் காப்பாற்று என்பது ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. பொய்யான திறவுச்சொல் அந்த நேரத்தைத் திருடுகிறது.

நாவல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கோப்பு கோப்பாக மாறி வந்தது. அப்போதுதான் கோப்புகளின் பெயர்களை நான் கவனித்தேன். அத்தியாயம் ஒன்று, இரண்டு என்று என் மனைவி பெயர் வைக்கவில்லை. 'கிணறு', 'தந்தி வந்த நாள்', 'அம்மா பேசாதது', 'கடன் கேட்ட இடம்' என்று ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்திருந்தாள். எந்த அத்தியாயத்துக்கும் நான் தலைப்புக் கொடுத்ததில்லை. அடித்து முடித்ததும் அவள் மனத்தில் எது தங்கிற்றோ அதை எழுதி வைத்திருக்கிறாள். பதிப்பாளர் தொலைபேசியில், "அந்தக் கடன் கேட்கிற கட்டம் முழுசாக இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு நொடியில் எடுத்தோம். பத்திரிகையில் நான்கு பத்தியாக வந்தது, அவள் கோப்பில் பதினோரு பக்கம் இருந்தது.

பையன் அத்தோடு விடவில்லை. ஒரு பெட்டி நிறைய இருக்கும் பழைய கோப்புகளை ஒரே தடவையில் மாற்றித் தரும்படி ஒரு சிறு மென்பொருளை ரஸ்ட் மொழியில் எழுதினான். கிரேட்ஸ் கிடங்கில் எல்லோருக்கும் வைக்கலாம் என்றான். ஐந்து சொல் வேண்டுமல்லவா? நான், அவன், தெருப் பெரியவர் மூவரும் திண்ணையில் உட்கார்ந்தோம்.

முதல் சொல் 'தமிழ்'. எல்லோரும் அதிகமாக எழுதும் 'எல்' போட்ட வகையில். இரண்டாவது 'திஸ்கி', விஷயம் தெரிந்தவர்களுக்காக. மூன்றாவது 'யூனிக்கோட்'. நான்காவது, என்ன வேலை என்று சொல்லும் 'மாற்றி'. ஐந்தாவதில்தான் வாக்குவாதம் வந்தது. பையன் எந்த மொழியில் எழுதினான் என்பதைப் போட வேண்டும் என்றான். "ரஸ்ட் கிடங்கில் ரஸ்ட் என்று எழுதுவானேன்? உப்புக் கடையில் உப்பு என்று ஒவ்வொரு மூட்டையிலும் எழுதுவார்களா?" என்றார் பெரியவர். அவர் 'குறியீடு' என்பதைப் போடச் சொன்னார். விஷயம் தெரிந்தவனுக்கு ஏற்கனவே இரண்டு சொல் கொடுத்தாயிற்று என்று நான் ஆட்சேபித்தேன்.

"பின் யாருக்கு, மாமா?" என்றான் பையன்.

"ஒன்றும் தெரியாதவனுக்கு. ஏதோ ஓர் ஊரில் ஒருவன் தன் தகப்பனார் எழுதி வைத்ததைத் திறந்து பார்த்துவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் என்ன சொல்லுவான்?"

மூவரும் யோசித்தோம். எழுத்து உடைந்து போயிருக்கிறது என்றுதான் சொல்லுவான் என்று முடிவாயிற்று. பையன் அதை ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொல்லாக, நடுவே ஒரு கோடு போட்டு இணைத்து, 20 எழுத்துக்குள் அடங்குகிறதா என்று எண்ணிப் பார்த்தான். அடங்கிற்று. அதையே ஐந்தாவதாக ஒட்டினோம்.